கிரைண்டர் அடித் தூள் பிள்ளைகளுக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் போன வாரம் காந்தப் புலம் பற்றிய கட்டுரை படித்தேன். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஒரு வரி மட்டும் அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சோதனைக்கு வேண்டிய இரும்புத் தூளைப் பக்கத்துப் பட்டறையில் கேட்டால் கொடுப்பார்கள் என்று போட்டிருந்தது. கொடுப்பார்கள்தான். ஒரு பொட்டலம் என்ன, ஒரு வாளி கேட்டாலும் கூட்டி அள்ளிக் கொடுப்பார்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டித் தீட்டுவது என் வேலை. வாடிய இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தருகிற இயந்திரம் அது. இரண்டு ரோலர் ஒன்றை நோக்கி ஒன்று சுற்றும். ஒன்று நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700 சுற்று. எவ்வளவு பார்த்து மாட்டினாலும் நாளாக ஆகப் பல் தேயத்தான் செய்யும். தேய்ந்த இரும்பு போய்ச் சேருகிற இடம் தேயிலைத் தூள். சலிக்கும் இடத்தில் காந்தம் வைத்திருப்பது அதை இழுத்து எடுக்கத்தான். தேயிலையில் இரும்புத் தூள் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை வரம்பே வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஷிப்டிலும் காந்தத்தைத் துடைத்து, துடைத்த தூளைத் தாளில் கொட்டிப் பார்ப்பது என் பழக்கம். அந்தத் தூளைப் பார்த்தே எந்த ரோலர் உரசுகிறது என்று சொல்லிவிடுவேன்.

தேயிலைக்குள் இரும்பு போகக் கூடாது என்று அத்தனை வருஷம் காந்தம் பிடித்தவன், இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதே இரும்புத் தூளை வேண்டி விரும்பிச் செய்கிறேன். பக்கத்துப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு 4 அங்குல வைஸ், ஏழெட்டு அரம், இரும்பு தீட்டும் கல் பூட்டிய ஒரு மேசை கிரைண்டர், பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம், இவ்வளவுதான் என் பட்டறை. இதில் ஆசை வந்தது சின்ன வயதில். கோத்தர்கள் இந்த மலைக்கே கொல்லர்களாக இருந்தவர்கள்; கோத்தகிரி என்ற பெயரே அவர்களால் வந்தது. அவர்கள் உலைக்களத்தில் காய்ச்சிய இரும்பைச் சுத்தியலால் அடிக்கும்போது கறுப்புச் செதில்கள் தெறித்து விழும். ஆறிய பிறகு அதை ஒரு காந்தத் துண்டால் பொறுக்குவோம். இரும்பு தோற்றத்தில் கரித்தூள் மாதிரி ஆன பிறகும் காந்தம் அதை விடாமல் இழுக்கிறதே என்று அன்றைக்குப் பட்ட ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன். போன தை மாதம் நடந்தது. முதுகுவலிக்காக நான் கோயமுத்தூரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். உள்ளே விடுவதற்கு முன் அந்தப் பெண் கேட்டார்: “ஐயா, வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை ஏதாவது பார்த்திருக்கீங்களா? எப்பவாவது கண்ணுல இரும்பு விழுந்திருக்கா?” இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்றேன். உடனே நிறுத்திவிட்டார்கள். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, உள்ளே துணுக்கு எதுவும் தங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்கேன். எத்தனையோ வருஷத்துக்கு முன் கண்ணுக்குள் போய்த் தங்கிய துணுக்காக இருந்தாலும் அந்த இயந்திரத்தின் காந்தம் அதை இழுத்து நகர்த்திவிடுமாம். என் வேலையைப் பற்றி நானே நினைத்துப் பார்க்காத விஷயம் அது.

மறுநாள் ஊர் திரும்பினால் பேத்திக்கு வலது கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். காந்தப் பாடத்துக்கு இரும்புத் தூள் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஊரில் இல்லாததால் அவள் அப்பா டவுனில் ஒரு பட்டறைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அங்கே வேலை பார்க்கும் பையன் கிரைண்டருக்கு அடியில் கூட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். நல்ல மனசோடு கொடுத்ததுதான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சோதனை முடிந்ததும் தாளைச் சுத்தம் செய்ய இவள் வாயால் ஊதியிருக்கிறாள். தூள் முகத்தில் திருப்பி அடித்துவிட்டது. கண்ணைக் கசக்கியிருக்கிறாள்.

கண் டாக்டர் மரத்துப்போகும் மருந்தை விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு பழுப்புப் புள்ளி. ஊசி முனையால் எடுத்தார். எடுத்த இடத்தைச் சுற்றி வளையமாகத் துரு. இரும்பு கருவிழியில் ஒட்டினால் ஒரு நாளுக்குள்ளேயே துரு பிடித்து வளையம் கட்டிவிடும். துணுக்கை எடுத்தால் மட்டும் போதாது, வளையத்தையும் சுரண்ட வேண்டும் என்றார். குழந்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “தாத்தா, முடிஞ்சுதா, முடிஞ்சுதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த பையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மேலாக ஓட்டினேன். முக்கால்வாசி ஒட்டியது. மீதி தட்டிலேயே கிடந்தது. வெள்ளையாக மினுங்கிய அலுமினியத் துணுக்கு, பித்தளைப் பொடி, பச்சைப் பெயின்ட் செதில், கல்லிலிருந்து உதிர்ந்த பழுப்பு மணல். கிரைண்டர் கல்லும் தேய்கிற பொருள்தானே. அது உதிர்க்கும் மணல் கண்ணாடியையே கீறும். காந்தத்தில் ஒட்டியதைக் கடிகாரம் பழுது பார்ப்பவர் போடும் லென்ஸ் வழியே பார்த்தேன். பாதிக்கு மேல் குண்டு குண்டாக, கேழ்வரகை ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கியது போல் கறுத்த உருண்டைகள். கிரைண்டரில் பறக்கும் தீப்பொறி என்பது இரும்பு எரிவது. கட்டி இரும்பு எரியாது. பொடியானால் காற்று படும் பரப்பு கூடி எரியும். எரிந்து உருகி உருண்டு விழுந்ததுதான் அந்த உருண்டை. கம்பி மத்தாப்பில் தங்க நிறப் பூ கொட்டுவதும் இதே கதைதான், அதிலும் இரும்புத் தூள் இருக்கிறது. உருண்டையாக இருப்பதைக் காந்தப் புலத்தில் தூவினால் கோடு அழகாக விழாது. கோடு விழுவதற்கு நீளவாட்டில் இருக்கும் துகள் வேண்டும். ஆக, கிரைண்டர் தூள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல் என்பதோடு, எந்தப் பாடத்துக்காக வாங்கினோமோ அந்தப் பாடத்துக்கும் உதவாது.

அலுமினியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். இரும்பு தீட்டும் கல்லில் அலுமினியத்தை வைக்கவே கூடாது. அலுமினியம் கல்லின் கண்களை அடைத்துவிடும். அடைந்த கல் சூடேறி வெடிக்கும். அதைவிட மோசம், கல்லுக்கு அடியில் துருப்பிடித்த இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் சேர்ந்து கிடப்பது. அதன் மேல் ஒரு பொறி விழுந்தால் பிடிக்கும் தீ சாதாரணத் தீ இல்லை. தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாகும். காய்ந்த மணலைப் போட்டு மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. நுண்ணிய அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், இறுக்கி மூடிய டப்பாவில் அது ஆபத்து. போன தீபாவளிக்கு முன் இரண்டு பையன்கள் வந்து அலுமினியத் தூள் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டதும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கொடுக்கவில்லை. உரிமம் இல்லாமல் பட்டாசு செய்வது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படியே குற்றம் என்று சொல்லி, டீ கொடுத்து உட்கார வைத்து, கையில் ஒரு அரத்தைக் கொடுத்தேன். ஒருவன் அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு வந்தான்.

சரி, இரும்புத் தூள் எப்படித்தான் செய்வது? அரம்தான். கையால் அராவிய தூளுக்கு இணை கிடையாது. புது எம்.எஸ். பட்டா, அதாவது சாதாரண மெல்லெஃகுப் பட்டை, ஒரு முழத் துண்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஜி.ஐ. பைப் வேண்டாம், மேலே துத்தநாகப் பூச்சு இருக்கிறது. எவர்சில்வர் துண்டு வேண்டாம், பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. பழைய பிரேக் டிரம் வேண்டவே வேண்டாம், லைனிங் தூளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சாவி போடும் கடையில் தங்கம் மாதிரி மினுங்குகிற பித்தளைத் தூளைச் சிலர் பிள்ளைகளின் கைவேலைக்கு வாங்கிப் போகிறார்கள். எளிதாக வெட்டுவதற்காகச் சாவிப் பித்தளையில் ஈயம் கலந்திருப்பார்கள். குழந்தை கையில் ஈயம் படலாமா?

பட்டாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைஸில் இறுக்க வேண்டும். புது அரத்தில் எண்ணெய் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காய வைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் தூள் கட்டி கட்டியாகும். 12 அங்குல பாஸ்டர்ட் அரம், அதாவது சற்றுப் பருமனான பல் உள்ள அரம், போதும். பிடி இல்லாத அரத்தை ஒருபோதும் தொடக் கூடாது; அதன் வால் உள்ளங்கையில் ஏறிவிடும். என் கையில் 1987-இல் ஏறிய தழும்பு இருக்கிறது. அரம் வெட்டுவது முன்னே தள்ளும்போதுதான். திரும்பி வரும்போது அழுத்தினால் தூளும் விழாது, பல்லும் மழுங்கும். முழங்கை வைஸின் வாய் மட்டத்துக்கு இருக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், வாய்க்கும் மூக்குக்கும் துணி. கீழே வெள்ளைத் தாள். எத்தனை தூள் சேர்ந்தாலும் வாயால் ஊதக் கூடாது, பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும். இந்த ஒன்றைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியே வைத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் விடாமல் அராவினால் அரைத் தீப்பெட்டி அளவு தேறும். ஒரு வகுப்புக்கு 50 கிராம் போதும். இரண்டு மாலை வேலை. விழுந்ததைக் கவருக்குள் போட்ட காந்தத்தால் தூக்கி, வேறு தாளுக்கு மேல் கொண்டுபோய்க் காந்தத்தைக் கவரிலிருந்து உருவினால் தூள் மட்டும் பொலபொலவென்று கொட்டும். வெறும் காந்தத்தை நேரே வைத்துவிட்டால் அதைப் பிரித்தெடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். பிறகு சலிப்பு. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட 30 மெஷ் கம்பி வலையைத்தான் நான் வைத்திருக்கிறேன். அங்குலத்துக்கு 30 கண். தேயிலை சலித்த வலை இரும்பு சலிக்கவும் தோதாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் பெரிய பகை ஈரம். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். மாலையில் வெள்ளியாக மின்னிய தூள் காலையில் செம்மண்ணாக மாறியிருக்கும். இரும்புச் சட்டியில் இளஞ்சூடாக வறுத்து, ஆறிய பிறகு கண்ணாடி ஜாடியில் போட்டு, மருந்து பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை உள்ளே வைத்து இறுக மூட வேண்டும். அதிகமாகச் சேர்த்து வைக்கவும் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், லேத்தில் கடைந்த வார்ப்பிரும்புத் தூளும் சுருளும் நாலைந்து சாக்கு நிறைய மூலையில் கிடந்தன. எண்ணெய் படிந்தவை. கூரை ஒழுகி நனைந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் உள்ளே புகை மூட்டம். சாக்கைத் தொட முடியவில்லை, அத்தனை சூடு. யாரும் நெருப்பு வைக்கவில்லை. இரும்பு துருப்பிடிக்கும்போது சூடு வெளியாகும். ஒரு கைப்பிடியில் அது தெரியாது. சாக்கு நிறைய இருந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி ஏறிப் புகையும், எரியவும் செய்யும். கப்பலில் இப்படிப்பட்ட இரும்புச் சீவலை ஏற்றினால் தானாகச் சூடேறும் சரக்கு என்று அபாயப் பட்டியலில் சேர்த்து எழுதுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் அரைக் கிலோவுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. எண்ணெய்த் துணியைப் பக்கத்தில் போடுவதும் இல்லை.

பிள்ளைகள் கையில் தூளைத் திறந்து கொடுக்காமலே பாடம் நடத்த முடியும். கண்ணாடி மாதிரி மூடியுள்ள தட்டையான இனிப்பு டப்பா, அதற்குள் இரண்டு மூன்று கிராம் தூள், மூடிச் சுற்றிலும் செல்லோடேப். அடியில் சட்டக் காந்தத்தை வைத்து மேலே பென்சிலால் மெல்லத் தட்டினால் போதும். பேத்திக்குக் கண் ஆறிய பிறகு இப்படி ஒன்று செய்து கொடுத்தேன். தட்டத் தட்டத் துகள்கள் எழுந்து நின்று, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, இரண்டு முனைக்கும் நடுவே வில் வில்லாக வளைந்தன. முனைகளில் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்தன. முதலில் பயத்தோடு எட்டி நின்றவள் மெல்ல மெல்லக் குனிந்து, மூக்கு டப்பாவில் இடிக்கும் வரை வந்துவிட்டாள். “இந்தக் கோடு எல்லாம் தூள் போடறதுக்கு முன்னாடியே அங்கதான் இருந்துச்சா தாத்தா?” என்றாள். இந்தக் கேள்வி எல்லாக் குழந்தைகளுக்கும் வர வேண்டும் ஐயா. அதற்கு நல்ல தூள் வேண்டும்.

இதற்கு அரசுக்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு இரண்டு வருஷப் படிப்பு. சேர்ந்த பையனும் பெண்ணும் முதல் சில மாதம் செய்கிற வேலையே எம்.எஸ். பட்டாவை வைஸில் கட்டி அராவுவதுதான். மட்டம் வர வேண்டும், மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியக் கூடாது என்று கை மரத்துப்போகும் வரை அராவுவார்கள். அப்போது விழும் தூள் நான் மேலே சொன்ன அத்தனை தகுதியும் உள்ள தூள். மாலையில் கூட்டிக் குப்பையில் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு வைஸுக்கும் அடியில் ஒரு தட்டு வைத்து, காந்தத்தால் எடுத்து, சலித்து, 50 கிராம் பாட்டிலில் அடைத்து, “கையால் அராவிய இரும்பு, ஊதாதே, கண்ணைக் கசக்காதே” என்று ஒரு சீட்டு ஒட்டினால் நீலகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுத்துவிடலாம். அராவுகிற மாணவருக்கும் தன் வேர்வை வீணாகவில்லை என்று இருக்கும். பள்ளிக் கல்வித் துறையும் தொழிற்பயிற்சித் துறையும் சேர்ந்து இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர் பக்கத்தில் அடுத்த வாரமே ஒரு சின்னக் கட்டம் கட்டி, பட்டறைத் தரையில் கூட்டிய தூளை வாங்க வேண்டாம், தூளை வாயால் ஊத வேண்டாம், கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் அலசி அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள் என்று போடுங்கள். பட்டறைகளில் துணி முனையாலோ பிளேடாலோ எடுத்துவிடுகிற கைகாரர்கள் இருப்பார்கள். அவர்களிடம் குழந்தையைக் காட்டக் கூடாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அதுவரை, கோத்தகிரி சுற்று வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாருக்கு வேண்டுமானாலும் 50 கிராம் தர நான் தயார். காசு வேண்டாம். என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். வருகிறவர்கள் நன்றாகக் காய்ந்த, இறுக மூடுகிற கண்ணாடி பாட்டிலாகக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.